ஒன்பது ஆப்பக் கடன்

முன்னொரு காலத்தில் கடம்பையூர் என்ற சின்ன நாட்டை விசயதரன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு யோசனை, மாலையில் வேறு யோசனை என்று இருப்பவன். ஒருநாள் திடீரென்று, "கடைத்தெருவில் கணக்குத் தெரியாதவர் யாரும் இருக்கக்கூடாது! மூன்று நாளில் கற்றுக்கொடுங்கள். கற்காதவர்களின் கடையைத் தூக்கிவிடுங்கள்!" என்று உத்தரவு போட்டுவிட்டான்.

பாடம் நடத்த வந்தவர் பொக்கிஷதாரர் தாண்டவராயர். கடைத்தெருவுக்கே வட்டிக்கு விடுபவரும் அவர்தான். வாயில் நுழையாத சூத்திரங்களை ஓலை ஓலையாக வாசித்தார். கூட்டம் குறட்டை விட்டது.

ஆப்பக்கடை வேலாத்தாளுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அரிசி வாங்க ஆடியில் அவரிடம் பட்ட கடன், தினம் கட்டியும் குறையவே இல்லை. தனக்குத்தான் சிக்கனம் போதவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். அன்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தவளுக்குத் திக்கென்றது.

மூன்றாம் நாள் கடைக்காரர்கள் எல்லோரும் கூடிய சபையில் தாண்டவராயர், "மகாராஜா, இந்த மண்டைகளில் கணக்கு ஏறாது. கடைகளை எடுத்துவிடலாம்" என்றார்.

வேலாத்தாள் ஆப்பக் கூடையோடு முன்னால் வந்தாள்.

"மகாராஜா, ஐயாவிடம் நான் ஒரு கணக்குக் கேட்கலாமா? விடையைச் சொல்லி, அது நியாயமான கணக்கு என்றும் சொல்லிவிட்டால் நானே கடையைக் காலி பண்ணுகிறேன்."

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "கேள், கேள்!"

"ஐயா, பத்து ஆப்பம் கடனாகக் கேட்கிறீர்கள். ஒன்றை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு ஒன்பது தருகிறேன். பத்தையும் மொத்தமாகத் திருப்பும்வரை தினம் ஓர் ஆப்பம் வட்டி. இருபது நாள் ஆயிற்று. எனக்கு எத்தனை வந்தது? இன்னும் எத்தனை பாக்கி?"

"வந்தது இருபது. பாக்கி... பத்து." தாண்டவராயருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒன்பது ஆப்பத்துக்கா? பகல் கொள்ளை!"

"அப்படித்தான் நானும் நினைத்தேன், ஐயா. ஆப்பம் என்று சொன்ன இடத்திலெல்லாம் பணம் என்று வையுங்கள். நீங்கள் எனக்குக் கொடுத்த கடன் அது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கொள்ளை என்று தீர்ப்பு சொன்னவரும் நீரே, தாண்டவராயரே! கூடுதலாக வாங்கியதை எல்லோருக்கும் திருப்பிக் கொடும். வேலாத்தாள், இனி கடைத்தெருவுக்குக் கணக்கு வாத்தியார் நீதான். வேறென்ன வேண்டும்?"

"கடன் கொடுப்பவர், கையில் தருவது எவ்வளவு, மொத்தம் வாங்கப்போவது எவ்வளவு என்று சந்தை நடுவில் உரக்கச் சொல்லிவிட்டுக் கொடுக்கவேண்டும், மகாராஜா."

மறுநாள் ராஜா உத்தரவுப்படி தாண்டவராயர் சந்தை நடுவில் நின்று, தான் கொடுக்கும் கடனின் கணக்கை முணுமுணுத்தார். மீன்காரி ராக்காயி கையைக் காதில் குவித்துக்கொண்டு கத்தினாள்:

"ஐயா, கேக்கல! இன்னும் சத்தமா!"