கரடி கையில் மூன்று வேலை

நாவல் குளத்து விலங்குகள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஓர் அடிப்படைச் சட்டம் வகுத்திருந்தன. விதி போடுவது எல்லோரும் சேர்ந்த சபை. அந்த விதிப்படி குளத்தைக் காப்பது கரடி. தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது ஆமை. ஒருவர் வேலையில் இன்னொருவர் மூக்கை நுழைக்கக் கூடாது.

அந்தக் கோடையில் வெயில் மண்டையைப் பிளந்தது. "சபைக்கு யார் நடப்பது? கரடியே விதியையும் போட்டுக்கொள்ளட்டும்!" என்று மான்கள் நிழலில் படுத்துவிட்டன. முயல்களும் தலையாட்டின. ஆமையோ கோடைத் தூக்கத்துக்காக மண்ணுக்குள் புதைந்துகொண்டது. அதன் வேலையையும் கரடி கேட்காமலே எடுத்துக்கொண்டது.

"இது உருப்படாது!" என்று கத்தியது வேம்பி என்ற காட்டுப்பன்றி மட்டும்தான். யார் காதில் விழுந்தது?

சில நாள் கழித்து வேம்பி தன் குட்டிகளோடு தண்ணீர் குடிக்க வந்தது. கரடி குளத்தில் சுகமாக ஊறிக்கொண்டிருந்தது.

"நில்! பகலில் யாரும் குளத்துப் பக்கம் வரக் கூடாது. புது விதி!"

"யார் போட்டது?"

"நான்தான்!"

"நீ மட்டும் உள்ளே கிடக்கிறாயே?"

"நான் காவல் காக்கிறேன்!"

"அநியாயம்! வழக்குப் போடுவேன்!"

"தாராளமாகப் போடு. நீதிபதியும் நான்தான். விசாரித்தாயிற்று, குற்றம் உன்மேல். ஓடு!"

கடைக்குட்டி நாக்கு வறண்டு சுருண்டு விழுந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் பிழைக்காது. வேம்பிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

வெடித்துக் கிடந்த வண்டலுக்கு ஓடி மூக்கால் தோண்டி, ஆமையை வெளியே புரட்டியது. "தூங்கினது போதும், எழுந்திரு!" மான்களிடம் பாய்ந்தது. "என் குட்டி சாகக் கிடக்கிறது, உங்களுக்கு நிழல் கேட்கிறதோ? வாருங்கள், இல்லாவிட்டால் முட்டித் தள்ளுவேன்!"

தலைகுனிந்தபடி எல்லாம் வந்து சேர்ந்தன. ஆமை விசாரித்தது.

"சபை தன் வேலையைக் கரடிக்குக் கொடுத்தது அடிப்படைச் சட்டத்துக்கு விரோதம். கரடி போட்ட விதி செல்லாது. நான் தூங்கியதும் தப்புத்தான்."

"செல்லாதா? என்னை வெளியேற்றுவது யார்?" என்று உறுமியது கரடி.

"நான்!" வேம்பி தண்ணீரில் இறங்கியது. கொம்பைத் தாழ்த்தியபடி மான்களும் பின்னால் இறங்கின. கரடி முணுமுணுத்துக்கொண்டே கரையேறியது. கொளுத்தும் வெயிலில் அங்கேயே சபை கூடி, காட்டெருமையைக் காவலுக்கு வைத்தது.

கடைக்குட்டி தண்ணீர் குடித்துக் கண் திறந்தது.

"நீ இல்லாவிட்டால் எங்கள் கதியும் இதுதான், வேம்பி!" என்று ஒரு மான் குழைந்தது.

"வாயை மூடு! கரடியைவிட உங்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம். அதற்குப் பேராசை. உங்களுக்கு என்ன கேடு?"

மான் மெல்லப் பின்வாங்கி மற்ற மான்களுக்குள் புகுந்துகொண்டது.

சட்டம் போடுவதையும் காவல் காப்பதையும் தீர்ப்புச் சொல்வதையும் ஒருவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர்கூட மிஞ்சாது.