பிலோமினாவின் சாவிப் படகு

சொல்லவே வாய் கூசுகிறது. எங்கள் தோணிப் பட்டறையில் பாய் தைக்கும் பிலோமினாவிடம், "காத்தில்லாம பாய் திரும்பணும், ஆளில்லாம படகு கரைசேரணும். முழ நீளத்துல அப்படி ஒரு பொம்மைப் படகு செஞ்சு காட்டு, இல்லன்னா வேலைக்கு வராத" என்ற முதலாளி நான்தான். பழைய அலாரக் கடிகாரத்தின் சுருள்வில்லை வைத்துப் பத்தே நாளில் செய்துவிட்டாள்.

என் மகள் நிச்சயதார்த்தத்தன்று, மண்டபத்துக் குளத்தருகே, சம்பந்தி முன்னால் அதைத் தூக்கிக் காட்டி, "என் கையாலேயே செஞ்சது" என்றேன்.

காபித் தட்டோடு நின்ற பிலோமினா பணிவாகக் கேட்டாள்: "எந்தப் பக்கம் கரைசேரும் மொதலாளி? நின்னு எடுத்துத் தாரேன்."

"விட்ட இடத்துக்கே வரும்" என்றேன்.

"சரிங்க மொதலாளி" என்றவள், எதிர்க்கரை மூலைக்குப் போய் நின்றாள்.

சாவி கொடுத்துப் படகைத் தண்ணீரில் விட்டேன். பாய் தானாகத் திரும்பியது. படகு அழகாக வளைந்து அவள் காலடியில் போய் முட்டியது. மறுபடி விட்டேன். அவளும் நகரவில்லை, படகும் வழி மாறவில்லை.

ஈரத்தைத் துடைத்து என்னிடம் நீட்டினாள்: "செஞ்சவரை மறந்துட்டுது போல, மொதலாளி."

நடுவில் புகுந்து படகை வாங்கிய சம்பந்தி அவளிடம் கேட்டார்: "இதுக்கு எத்தனை சுத்து சாவி கொடுக்கணும்மா?"

அப்புறம் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.