மாப்பிள்ளையின் பச்சை விளக்கு

செராபின் டீச்சர் பரீட்சைக்கு வரிசையில் வந்து நின்றார். அதைப் பார்த்ததும் நர்ஸ் வடிவு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பரீட்சை நடத்துபவள் அவள்தான்.

திருநெல்வேலியில் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. நின்றுபோன நெஞ்சை அமுக்கி ஓடவைக்கும் பயிற்சியை ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரும் மறுபடி செய்து காட்ட வேண்டும். தேறாதவர்கள் தேறும்வரை அவசரப் பிரிவுக்குள் வேலைக்குப் போக முடியாது. இதில் பெரியவர் சின்னவர் என்ற பேச்சே இல்லை. தலைமை டாக்டரே ஒருமுறை தேறாமல் போய், ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்திருக்கிறார்.

அவரைப் பெயிலாக்கியது மூத்த நர்ஸான செராபின் டீச்சர். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததும் அவரே. அங்கே வேலை பார்க்கும் நர்சுகளில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததால், பரீட்சை நடத்தும் பொறுப்பை இந்த ஆண்டு வடிவிடம் கொடுத்துவிட்டார். வடிவும் நேற்று வந்தவள் அல்ல. நாற்பதைத் தாண்டியவள், கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குத் தாய்.

அறையின் நடுவே தரையில் பொம்மை படுத்திருந்தது. கையும் காலும் கிடையாது, தலையும் நெஞ்சும் மட்டும்தான். நர்சுகள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். எத்தனை பேர் அமுக்கினாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மாப்பிள்ளை வேறு எங்கே கிடைப்பான்? போதுமான ஆழத்துக்கு அமுக்கினால் அவன் தோளில் ஒரு பச்சை விளக்கு எரியும். ஆழம் போதாவிட்டால் எரியாது.

"டீச்சர், நீங்க எதுக்கு வரிசையில நிக்கீங்க? உக்காருங்க" என்றாள் வடிவு.

"ஏன், நான் அமுக்கினா மாப்பிள்ளைக்குக் கசக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். வடிவு சிரிக்கவில்லை.

"இந்தப் பாடத்த எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். காலமெல்லாம் இதே வேலையில இருந்தவங்களுக்கு மறுபடி எதுக்கு டீச்சர் பரீட்சை?"

டீச்சர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி வடிவின் கையில் கொடுத்தார். பொம்மையின் அருகே மண்டியிட்டார்.

"நேரம் பாரு. ரெண்டு நிமிஷம்."

அமுக்க ஆரம்பித்தார். முழங்கை மடங்கவில்லை. தோள் நேராகக் கையின் மேல் நின்றது. எண்ணிக்கை பிசகவில்லை. பின்வரிசையில் இருந்த ஆண் நர்ஸ் முப்புடாதி வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"கையப் பாருங்கம்மா, கையப் பாருங்க! இது கத்துக் கொடுத்து வாரதா?"

எல்லோரும் டீச்சரின் கையைப் பார்த்தார்கள். வடிவு விளக்கைப் பார்த்தாள்.

முதல் நிமிஷம் பச்சை விடாமல் எரிந்தது. இரண்டாவது நிமிஷத்தில் விட்டு விட்டு எரிந்தது. பிறகு எரியவே இல்லை. டீச்சரின் எண்ணிக்கை மட்டும் அதே கம்பீரத்தோடு கேட்டுக்கொண்டிருந்தது.

நேரம் முடிந்தது. முப்புடாதி கைதட்டினார். அறையே கைதட்டியது.

டீச்சர் மூச்சு வாங்கியபடி கேட்டார்.

"பாஸா, பெயிலா?"

டீச்சருக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன. கடைசி நாள்வரை அவசரப் பிரிவில் இருந்துவிட்டு, அங்கிருந்தே வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை அறியாதவர்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. பெயில் என்றால் நாளை முதல் அந்தக் கதவுக்குள் அவருக்கு வேலை கிடையாது.

வடிவு கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பாஸ், டீச்சர்."

"விளக்கு எரிஞ்சுதா?"

"அது பழைய விளக்கு டீச்சர். சில சமயம் மக்கர் பண்ணும்."

"அப்படியா? நீ அமுக்கு, பாப்போம்."

வடிவு தயங்கித் தயங்கி மண்டியிட்டாள். அமுக்கினாள். பச்சை பளிச்சென்று எரிந்தது. அவள் கையை எடுக்கும்வரை ஒருமுறைகூடத் தவறவில்லை.

இதே பொம்மையில் வடிவை ஒரு காலத்தில் பெயிலாக்கியவர் செராபின் டீச்சர். முழங்கை மடங்குகிறது என்பதற்காக. அன்று குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவள், மறுவாரம் தேறினாள். அதன் பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் மூச்சுப் பேச்சில்லாமல் சரிந்த ஆட்டோக்காரரை அந்தக் கைகள்தான் பிழைக்க வைத்தன. அந்த மனிதர் இன்றைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்துவிடுகிறார். 'உங்க கைக்கு' என்று சொல்லி வடிவிடம் கொடுப்பார்.

"பல்பு நல்லாத்தான் இருக்கு" என்றார் டீச்சர்.

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். முப்புடாதி எழுந்தார்.

"விடுங்க டீச்சர். முறிஞ்ச கை. இதையெல்லாமா பாப்பாக?"

"சும்மா இரும்."

டீச்சர் பொம்மையை ஒருபக்கமாகத் தள்ளினார். அது கிடந்த இடத்தில், அந்தத் தரையிலேயே, மல்லாந்து படுத்தார். கைகளை விரித்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

முப்புடாதி எட்டிப் பார்த்தார்.

"வடிவு."

"டீச்சர்."

"என் நெஞ்சு நின்னுபோச்சு."

வடிவு அருகில் மண்டியிட்டாள்.

"பக்கத்துல ஒரே ஒரு நர்ஸ் இருக்கா. இப்ப நீ பாஸ் போட்டு உள்ள அனுப்புனியே, அவதான். வேற யாரும் இல்ல. அவள எம்மேல கை வைக்கச் சொல்லட்டுமா?"

வடிவு டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் வியர்வை இன்னும் காயவில்லை. மணிக்கட்டு கொஞ்சம் வீங்கியிருந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"வேண்டாம்" என்றாள்.

"அப்ப?"

"பெயில், டீச்சர்."

"சத்தமாச் சொல்லு. பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கல."

"பெயில்! ஆழம் போதல. அவசரப் பிரிவுல நாளைக்கு உங்களுக்கு டூட்டி கிடையாது. அந்தக் கைக்குப் போயி வைத்தியம் பாருங்க. சரியானதும் திரும்ப வாங்க, நானே கூட நின்னு பழக்குதேன். அதுவரைக்கும் உள்ள விட மாட்டேன்."

அவள் குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

டீச்சர் கண்ணைத் திறந்தார். நல்ல கையை மேலே நீட்டினார்.

"தூக்கி விடு. உயிரு வந்துட்டு."

வடிவு தூக்கிவிட்டாள். டீச்சர் சேலையைத் தட்டி உதறினார். செருப்பை மாட்டிக்கொண்டு, கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையைப் பழைய இடத்தில் நேராகப் படுக்க வைத்தார். பிறகு நடந்து போய், தேறாதவர்கள் உட்கார வேண்டிய கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இந்த ஆண்டு அதில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான்.

"அடுத்தது யாரு?" என்றாள் வடிவு. வரிசை நகர்ந்தது. அதன் பிறகு வந்தவர்களைப் பார்த்த யாரும் கையைப் பார்க்கவில்லை. எல்லோரும் விளக்கையே பார்த்தார்கள்.

முப்புடாதிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கடைசி பெஞ்சுப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிசுகிசுத்தார்.

"என்ன டீச்சர் இது? அத்தன பேருக்கு முன்னால உங்களையே பெயிலாக்கிட்டாளே!"

டீச்சர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

"அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யாருன்னு நினைச்சீரு?"