பதினொரு பேர் பாட்டு

ஒரு கடற்கரை ஊரில் ஒரு கதைப்பாட்டு இருந்தது. புயலில் போய்த் திரும்பாத படகின் கதை அது. போனவர்கள் பதினொரு பேர். ஆளுக்கொரு கண்ணியாகப் பதினொரு கண்ணி. கட்டிப் பாடியவள் பிலோமி. ஒன்பதாவது கண்ணி அவள் தம்பி சந்தியாகுவுடையது.

உலகப் பாட்டுப் போட்டிக்கு அது தேர்வானது. பிலோமியோடு விமானம் ஏறி, குளிரில் நடுங்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போய் நின்றது.

அங்கே இருபது மேளங்களோடு வந்திருந்த ஓர் ஆட்டப்பாட்டு கேட்டது: "உன்னோடு யார் வந்திருக்கிறார்கள்?"

"பதினொரு பேர்."

ஆட்டப்பாட்டு எட்டிப் பார்த்தது. பிலோமியைத் தவிர யாரும் இல்லை. மெல்ல நகர்ந்துபோனது.

சுவர்க் கடிகாரம் சொன்னது: "உனக்கு மூன்று நிமிடம். நாலு கண்ணிதான் கொள்ளும்."

"மற்ற ஏழு பேர்?"

"எனக்கு ஆள் கணக்குத் தெரியாது. நேரம்தான் தெரியும்."

மொழிபெயர்க்க வந்த பெண் பிலோமியிடம், "எந்த நாலுன்னு நீங்களே சொல்லுங்கக்கா" என்றாள்.

தம்பியை முன்னால் இழுத்துக்கொள்வாள் என்று பாட்டு நினைத்தது. பிலோமியோ, "முதல் நாலு" என்றாள். "நான் பொறுக்கி எடுத்தா ஊர்ல யார் முகத்துல முழிப்பேன்?"

நாலாவது பெயரோடு விளக்கு அணைந்தது. ஐந்தாவது கண்ணி அவள் தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. அரங்கமே எழுந்து கைதட்டியது. இரண்டாம் பரிசு.

"அழகாக முடிந்தாய்" என்றது ஆட்டப்பாட்டு.

"நான் இன்னும் முடியவில்லை" என்றது பாட்டு. அதற்குள் ஆட்டப்பாட்டு மேளங்களோடு கிளம்பியிருந்தது.

ஊர் திரும்பியதும், ஐந்தாமவன் கயித்தானின் மனைவி ரோசம்மா வந்தாள். பிலோமி போனில் பதிவைப் போட்டுக் கொடுத்தாள். ரோசம்மா காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். நாலாவது கண்ணி முடிந்து கைதட்டல் தொடங்கியது. பிலோமி போனுக்குக் கை நீட்டினாள்.

"இரு, அவரு இனிதான வருவாரு."

"இல்ல மதினி. அவ்வளவுதான். மூணு நிமிஷத்துக்கு மேல விடமாட்டாங்க."

ரோசம்மா போனைக் கொடுக்கவில்லை. கைதட்டல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"இவ்வளவு நேரம் கை தட்டுறாங்களே பிலோமி," என்றாள், "அந்த நேரத்துல அவரு பேரச் சொல்லியிருக்கலாமே."