மூன்று போர்வைக்குள் குளிர்ந்த ஆமை

முகில்மலையின் உச்சிக் காட்டில் கரியாத்தாள் என்னும் கரடி வாழ்ந்துவந்தாள். அம்மலையில் ஆண்டு முழுவதும் மூடுபனியும் சாரலும்தான். பங்குனியின் கடைசி வாரத்திலிருந்து சித்திரை முடியும்வரை, ஏறத்தாழ நாற்பது நாள் மட்டுமே நல்ல வெயில் அடிக்கும். அதனால் கரியாத்தாளுக்குக் குறையொன்றும் இல்லை. எந்தக் குளிரும் ஊடுருவாத அடர்ந்த மயிர் அவளுக்கு இருந்தது. அதில் அவளுக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

வெயில் தொடங்கிய அன்றே, கீழ்நாட்டிலிருந்து மலையேறிய லாரி ஒன்றிலிருந்து ஒரு வைக்கோல் கட்டு சரிந்து, பாதை வளைவில் விழுந்தது. கரியாத்தாள் அதைக் கிளறிப் பார்த்தாள். உள்ளே ஓர் ஆமை இருந்தது. கறுத்த ஓட்டின்மேல் மஞ்சள் நிறப் பொறிகள் கதிர்விட்டுப் பரந்திருந்தன. இத்தனை அழகான உயிரை அவள் கண்டதே இல்லை. இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு தன் குகைக்குப் போனாள். பொறியன் என்று பெயர் வைத்தாள். இனி இவனை மகிழ்ச்சியாக வைத்திருப்பதே தன் வேலை என்று முடிவு செய்தாள்.

முதல் நாள் பொறியன் இரண்டு இலைகளைத் தின்றான். மூன்றாம் நாள் ஒன்றும் தின்னவில்லை. ஐந்தாம் நாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

குளிர்கிறது போலும் என்று எண்ணிய கரியாத்தாள் அவனைக் குகையின் ஆழத்தில் வைத்து, பாசியால் போர்த்தினாள். அவன் எழவில்லை. பாசியின்மேல் உலர்ந்த இலைகளை அடுக்கினாள். அப்போதும் எழவில்லை. தன் முதுகிலிருந்து உதிர்ந்த மயிரையெல்லாம் திரட்டி மூன்றாவது போர்வையும் போட்டாள். வாயருகே மலைத்தேனை வைத்தாள். எறும்புகள்தாம் வந்து தின்றன.

குகையை அடுத்த மரத்துக் கருமந்தி தினமும் வந்து பார்த்துவிட்டு, பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் பேணமாட்டார்கள் என்று புகழ்ந்தாள். நான்காவது போர்வையும் போடச் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் பொறியனின் கண்கள் திறக்கவே இல்லை. கரியாத்தாளுக்கு அச்சம் வந்துவிட்டது. இன்னும் பாசி சேர்க்கலாம் என்று கிழக்குப் பாறைக்கு ஓடினாள்.

அங்கே செந்தலையன் என்னும் ஓணான் பாறையோடு பாறையாக ஒட்டிக்கிடந்தான். அவனைக் கரியாத்தாளுக்கு எப்போதுமே பிடிக்காது. பொழுது விடிந்தால் வெயிலில் கிடப்பான். அதைத் தவிர வேறு தொழில் அறியாதவன்.

"வழியை விடு, சோம்பேறி! என் வீட்டில் ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கிறது" என்று அதட்டினாள்.

செந்தலையன் நகரவில்லை. யாருடைய உயிர் என்று கேட்டான். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் தலையை மேலும் கீழும் ஆட்டியபடி கேட்டுவிட்டு, "போர்வைக்குள் கைவிட்டு அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தீர்களா, அக்கா?" என்றான்.

அவள் தொட்டுப் பார்த்ததில்லை. திரும்பி ஓடிப்போய்த் தொட்டாள். மூன்று போர்வைக்குள்ளும் பொறியனின் வயிறு ஓடைக் கல்லைப் போலச் சில்லென்று இருந்தது. அவனை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, மீண்டும் பாறைக்கு வந்தாள். இம்முறை அவள் குரலில் அதட்டல் இல்லை.

"இவ்வளவு போர்த்தியும் ஏனப்பா சூடாகவில்லை?"

"கல்லுக்குப் போர்வை போர்த்தினால் கல் சூடாகுமா? உங்கள் உடம்புக்குள் அடுப்பு எரிகிறது. அந்தச் சூடு வெளியே போகாமல் உங்கள் மயிர் காக்கிறது. எங்களுக்கு உள்ளே அடுப்பு இல்லை, அக்கா. எங்கள் அடுப்பு வானத்தில் இருக்கிறது. நீங்கள் அதை மூன்று போர்வை போட்டு மறைத்துவிட்டீர்கள்."

கரியாத்தாள் பொறியனை வெயில் படும் பாறைமேல் இறக்கி வைத்தாள்.

செந்தலையன் மேலும் சொன்னான். சூடு ஏறினால்தான் ஆமைக்குப் பசிக்கும், தின்றதும் செரிக்கும். நாற்பது நாளில் பன்னிரண்டு நாள் வீணாகிவிட்டது. மிஞ்சிய நாள்களில் இவன் தின்று தேறாவிட்டால் பிழைக்கமாட்டான். தேன் ஆகாது, புல்லும் கீரையும்தான் உணவு. ஈரத்தரை ஆகாது. கொளுத்தும் வெயிலிலேயே விட்டுவிடவும் கூடாது. ஓரடி நகர்ந்தால் நிழல் இருக்க வேண்டும். எது வேண்டும் என்பதை அவனே தீர்மானித்துக்கொள்வான்.

கரடிகள் பகலில் உறங்குபவை. கரியாத்தாள் அந்த உறக்கத்தை விட்டாள். காலையில் பொறியனைக் கிழக்குப் பாறைக்குத் தூக்கிச் செல்வாள். உச்சிப்பொழுதில் புதரோரம் இறக்குவாள். மாலையில் மேற்குச் சரிவுக்குக் கொண்டுபோவாள். வெயில் எங்கே போனதோ அங்கெல்லாம் அவளும் போனாள். இதைக் கண்ட கருமந்தி, சோம்பேறிப் பட்டம் இனி யாருக்கு என்று கேட்டுச் சிரித்தாள். கரியாத்தாள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

வெயிலுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் பொறியன் கண் திறந்தான். ஐந்தாம் நாள் கழுத்தை நீட்டி, ஒரு வல்லாரை இலையைக் கடித்தான். அதை அவன் மென்று விழுங்கும்வரை கரியாத்தாள் மூச்சுவிடவில்லை. அதன்பின் அவன் அறுகம்புல்லை மேயும் ஓசை பாறையெங்கும் கேட்டது.

சித்திரை முடிந்தது. ஒருநாள் காலையில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து கிழக்குப் பாறையை மூடிவிட்டது.

அவன்தான் கொழுத்துவிட்டானே, இனிக் குகையிலேயே வைத்துக்கொள் என்றாள் கருமந்தி. கரியாத்தாளுக்கும் அதுதான் ஆசை. ஆனால் அன்று அவள் வேறொன்று செய்தாள். பொறியனின் முன்னால் தரையில் அமர்ந்து, "உனக்கு என்னடா வேண்டும்?" என்று கேட்டாள். இத்தனை நாளில் அவள் அப்படிக் கேட்டது அதுவே முதல்முறை.

பொறியன் பாறையை மூடிய பனியைப் பார்த்தான். பிறகு, "அக்கா, இந்த மலையில் வெயில் நாற்பது நாள்தான். எனக்கு அது போதாது" என்றான்.

"முன்பே சொல்லியிருக்கலாமே?"

"குளிர்ந்து கிடந்தபோது நாக்கு எழவில்லை. தேறிய பிறகு மனம் வரவில்லை. எனக்காக நீங்கள் உறக்கத்தையே விட்டுவிட்டீர்கள். உங்களிடம் போய் எப்படிச் சொல்வேன்?"

கரியாத்தாள் எழுந்தாள். அவனைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினாள். இரண்டு நாள் நடந்து, அடிவாரத்து முட்புதர்க் காட்டை அடைந்தாள். அங்கே வானம் வெளுத்திருந்தது. தரை காய்ந்திருந்தது. அவள் பொறியனைக் கீழே இறக்கிவிட்டாள். அவன் கால்களை ஊன்றி எழுந்து, மலையில் ஒருநாளும் நடக்காத வேகத்தில் புல்லை நோக்கி நடந்தான்.

அவன் போவதைப் பார்த்தபடியே அவள் நின்றாள். அந்த அடர்ந்த மயிருக்குள் உடம்பு கொதித்தது. நாக்கு வெளியே தொங்கியது. ஆனாலும் திரும்பிப் போக அவளுக்கு மனமில்லை.

பொறியன் புல்லில் வாய் வைக்காமல் திரும்பி வந்தான்.

"அக்கா, இங்கே நிற்காதீர்கள். உங்களுக்கு இந்த வெயில் ஆகாது. மலைக்குப் போங்கள். மறு பங்குனியில், மேலே பனி விலகியதும் வந்து என்னைக் கூட்டிப் போங்கள். நாற்பது நாளும் உங்களோடு இருக்கிறேன்."

கரியாத்தாள் அவன் ஓட்டை ஒருமுறை தடவிவிட்டு மலையேறினாள். அடுத்த பங்குனியில் பனி விலகிய அன்றே இறங்கி வந்தாள். பொறியன் அதே புதரோரம் காத்திருந்தான். அன்றுமுதல் ஆண்டுக்கு நாற்பது நாள் அவன் மலையில் விருந்தாளி. மற்ற நாள்களில் தன் நிலத்தில் நலமாக இருந்தான்.

தனக்கு இனியதைப் பிறர்க்கு அள்ளி வழங்குவது எளிது. அவர்க்கு வேண்டியது இன்னதெனக் கேட்டறிந்து வழங்குவதே அன்பு.