வாயருகே விட்ட இடம்

களிமண்கூட மனிதர்களோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்தில் பிலோன் என்றொரு சாடி ஓவியன் இருந்தான். அவன் மனைவி மிர்த்தோ யாழ் மீட்டிப் பாடுவாள். அவள் பாடினால் தெருவில் போகிற கழுதைகூட நின்றுவிடும். அப்படிப்பட்டவள் பிள்ளை பெற்ற கையோடு படுத்த படுக்கையானாள்.

"நான் போறதுக்குக்கூட அழலைங்க. என் தாலாட்டைக் கேக்காம இவ வளரப்போறாளேன்னுதான் மனசு ஆறல" என்றாள், கைக்குழந்தையைத் தடவியபடி.

பிலோன் களிமண்ணிடம் போய் அழுதான். மண்ணுக்கு மனம் இளகியது.

"உன் சாடியில அவ பாடுற மாதிரி வரை. குரலை நான் பிடிச்சு வெச்சுக்கறேன். ஆனா, எல்லாரையும் போல ஆளைக் கறுப்பால மெழுகிடாதே, மூச்சு முட்டிடும். ஆளை என் நிறத்துலயே விட்டுட்டு, சுத்தி கறுப்பு பூசு. வாய்க்கு முன்னாடி மட்டும் ஒரு விரலகலம் பூசாம விடு. குரல் வெளிய வர வழி வேணுமில்ல?"

அதுவரை சாடிகளில் ஆட்களைத்தான் கறுப்பாக வரைவார்கள். பிலோன் வழக்கத்தை மாற்றினான். மிர்த்தோ யாழை மடியில் வைத்து, தலையை அண்ணாந்து, மூச்சு வாங்க வாங்கத் தாலாட்டுப் பாடினாள். அவன் வரைந்தான். அன்று மாலையே அவள் கண்ணை மூடிவிட்டாள்.

சாடியைச் சூளைக்குக் கொண்டுபோனபோது மற்றக் குயவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏம்ப்பா பிலோன், மூஞ்சிக்கு முன்னால என்ன சொட்டை? தூங்கி வழிஞ்சியா?" என்று ஒருவன் சிரித்தான்.

நடந்ததைச் சொல்லியிருந்தால் வாயடைத்துப் போயிருப்பார்கள். ஆனால் தொழில்காரனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது, என்ன செய்ய? பாவி மனிதன், தூரிகையைக் கறுப்புக் குழம்பில் தோய்த்து ஒரே இழுப்பில் அந்த இடத்தை நிரப்பிவிட்டான். மெல்லிய பூச்சுதானே, குரல் கசியாமலா போகும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

"வேண்டாம்!" என்றது மண். அதற்குப் பிறகு அது பேசவேயில்லை.

சூளையிலிருந்து எடுத்தபோது மிர்த்தோ செக்கச்செவேலென்று, உயிரோடு இருப்பதுபோலவே இருந்தாள். சுற்றிலும் கறுப்பு இறுகிப் பளபளத்தது. குயவர்கள் அசந்துபோய், தாங்களும் அப்படியே வரையத் தொடங்கினார்கள். பிலோன் மட்டும் அவள் வாயருகே நகத்தால் சுரண்டினான், கல்லால் உரசினான். சுட்டது சுட்டதுதான். தொட்டிலில் குழந்தை வீரிட்டு அழுதது. சாடியை அதன் காதருகே வைத்துப் பார்த்தான். அழுகை நிற்கவில்லை.

அன்று முதல்தான் கிரேக்கச் சாடிகளில் பாடகர்கள், சுற்றிலும் கறுப்பு சூழ, மண்ணின் நிறத்தில் தலை அண்ணாந்து வாய் திறந்திருக்கிறார்கள். நமக்குத்தான் ஒன்றும் கேட்பதில்லை.