ஊதாத விசில்

"எனக்கு இனி விசில் வேண்டாம் அக்கா," என்றாள் பிரின்ஸி.

விமானத்திலிருந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஜெசிந்தாவிடம் வந்திருந்தாள்.

குமரிக் கடற்கரையிலிருந்து கிளம்பி, பெண்கள் கால்பந்தில் பல நாடுகளில் நடுவராக நின்றவள் ஜெசிந்தா. முழங்கால் போனபின் ஓடுவதில்லை. பிரின்ஸிக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

ஜெசிந்தா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீலச் சட்டைக்காரங்களுக்கு எதிரா ஒரு பெனால்டி குடுத்தேன். பந்து அவங்க பிள்ளை ஒருத்திக்க நெஞ்சிலதான் பட்டிருக்கு. எனக்குக் கையில பட்ட மாதிரித் தெரிஞ்சு. வீடியோ பாக்க அங்க வசதி இல்ல. இடைவேளையில உதவி நடுவர் சொன்னப்பதான்..."

"டிவியில பாத்தேன்."

"எல்லாரும் திட்டுதாங்க."

"திட்டத்தான் செய்வாங்க. நீ கண்டதுக்கு ஊதினே. கண்ணு சில நேரம் ஏமாத்தும் மக்களே."

பிரின்ஸிக்கு மூச்சு வந்தது. ஜெசிந்தா கை கழுவிவிட்டு அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

அவள் பாதி குடித்தபிறகு கேட்டாள்.

"ரெண்டாம் பாதியில, நீலச் சட்டைக்காரி ஒருத்தி வெள்ளைச் சட்டைப் பிள்ளைய பின்னாலேருந்து காலை வெட்டிச் சாய்ச்சா. நீ பக்கத்திலதான் நின்னே. ஊதல்ல."

பிரின்ஸி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அத யாருமே கேக்கல்லியே அக்கா."

"நான் கேக்கேன்."

"ஏற்கெனவே அவங்களுக்கு அநியாயம் பண்ணியாச்சு. இதுக்கும் ஊதினா அவளுக்குச் சிவப்பு அட்டை காட்டணும். மனசு வரல்ல."

"விழுந்த பிள்ளைக்குக் காலு எப்படி இருக்கு?"

பிரின்ஸிக்குத் தெரியவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போனது மட்டும்தான் தெரியும். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஜெசிந்தா அவள் முதுகில் கை வைத்தாள்.

"விசிலைக் கீழ வைக்கணும்னா வை. எதுக்கு வைக்கேன்னு சரியாச் சொல்லிட்டு வை."

பிரின்ஸி விசிலைக் கீழே வைக்கவில்லை.

அடுத்த போட்டி வேறொரு நாட்டில். அங்கும் ஒரு தவறு நடந்தது. கொடுக்கக்கூடாத ஒரு கார்னர் உதையைக் கொடுத்துவிட்டாள். அதிலேயே கோல் விழுந்தது. கோல் வாங்கிய அணியின் முகங்களைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஆட்டம் முடியும் தறுவாயில் அதே அணியின் பெண் ஒருத்தி, எதிரணியின் கோல் கம்பத்துக்கு முன்னால் விழுந்தாள். யாரும் அவளைத் தொடவில்லை. அரங்கமே பெனால்டி கேட்டு எழுந்து நின்றது.

அணித்தலைவி ஓடிவந்து பிரின்ஸியின் முகத்துக்கு நேரே நின்றாள்.

"அந்தக் கோல் எப்படி வந்ததென்று உங்களுக்கே தெரியும். இதையாவது கொடுங்கள்."

"அது என் தப்பு," என்றாள் பிரின்ஸி. "இது பெனால்டி இல்லை. ஆடுங்கள்."